யூஸ்நெட்டில் மட்டுறுத்தற் பணிப் பகிர்வு: ஒரு வரலாற்று நோக்கு

செய்தி அனுப்புதற்குரிய செலவு குறையுந்தோறும் வேண்டாத செய்திகள் பெருகுதல் இயல்பு. அனுப்புவோர் ஒருவர்; படிப்போர் பல்லாயிரவர்; இடைநின்று களையெடுப்போர் மிகச் சிலர். அச்சிலரின் சுமை எவ்வாறு பகிர்ந்துகொள்ளப்பட்டது, அவர்தம் நீக்கும் அதிகாரம் எவ்வாறு வரையறுக்கப்பட்டது என்னும் இரு வினாக்களை யூஸ்நெட் வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தலைமையற்ற அமைப்பு

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979இல் திட்டமிட்ட யூஸ்நெட், 1980இல் செயற்படத் தொடங்கியது. இதற்கு நடுவண் கணினியோ தலைமை அலுவலகமோ இல்லை. ஒரு கணினியில் இடப்பெறும் செய்தி அண்டைக் கணினிக்கும், அங்கிருந்து அடுத்ததற்குமாகப் படியெடுக்கப்பட்டுப் பரவியது. செய்திகள் பொருள்வாரியாகச் செய்திக்குழுக்களில் தொகுக்கப்பட்டன.

சில குழுக்களுக்கு மட்டுறுத்துநர் இருந்தனர். அக்குழுக்களுக்குரிய செய்திகள் முதலில் அவர்தம் அஞ்சலுக்குச் சென்று, ஒப்புதற்குறி பெற்ற பின்னரே வெளிவந்தன. மட்டுறுத்துநர் ஒருவரே எனின், அவர் நோயுற்றாலும் வெளியூர் சென்றாலும் குழு முடங்கும். ஆதலின் பெருங்குழுக்களில் ஒரே முகவரிக்குப் பின்னே பலர் இப்பணியைப் பகிர்ந்துகொண்டனர். எனினும் பெரும்பாலான குழுக்கள் காவலற்றனவாகவே இருந்தன.

2. சொல்லும் நிகழ்வும்

தம் செய்தியைத் தாமே திரும்பப் பெறுதற்கென ‘நீக்கற்செய்தி’ என ஒருவகை இருந்தது. அனுப்புவோர் யார் எனச் சரிபார்க்கும் வலுவான முறை இன்மையால், பிறர் செய்தியையும் அதனால் நீக்க இயன்றது. இவ்வழியில் தானே இயங்கும் மட்டுறுத்தல் நிரலொன்றை ரிச்சர்டு டெப்யூ என்பவர் உருவாக்கினார். 1993 மார்ச் 31 அன்று அந்நிரல் பிழைபட்டு, தன் செய்திகளுக்குத் தானே மறுமொழி இட்டு, ஏறத்தாழ 200 செய்திகளை ஒரே குழுவில் கொட்டியது. அதனைப் பயனர்கள் ‘ஸ்பாம்’ என்றனர்.

1937இல் விற்பனைக்கு வந்த தகரப்புட்டி இறைச்சியின் பெயரே ஸ்பாம். 1970இல் பி.பி.சி.யின் மான்டி பைத்தான் நகைச்சுவை நிகழ்ச்சியொன்றில் அப்பெயர் பிற பேச்சனைத்தும் மூழ்குமாறு ஓயாது ஒலிக்கப்பட்டது. இப்பொருள் விரிவில் மையமாக நிற்பது செய்தியின் தீமையன்று, மிகையே என்பது கருதத்தக்கது. தமிழில் வழங்கும் ‘குப்பை அஞ்சல்’ என்னும் தொடரோ மிகையை விடுத்துப் பயனின்மையைச் சுட்டுகிறது.

3. அளவுகோலின் தோற்றம்

1994 ஏப்ரல் 12 அன்று லாரன்ஸ் கேன்டர், மார்தா சீகல் என்னும் வழக்கறிஞர் இருவர் அமெரிக்க நிரந்தர வதிவிட உரிமைக்கான (கிரீன் கார்டு) குலுக்கல் தொடர்பான விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் தனித்தனியே இட்டனர். அவ்வாண்டில் ‘கேன்சல்மூஸ்’ என்னும் புனைபெயரினர் இத்தகு செய்திகளை நீக்கலானார். நீக்கிய ஒவ்வொன்றையும் அவர் வெளிப்படையாக அறிவித்தார். பெயரை மறைத்தவர் செயலை மறைக்கவில்லை.

எனினும், பிறர் சொல்லை நீக்கும் உரிமை எதனால் வந்தது என்னும் வினா எஞ்சியது. சேத் பிரைட்பார்ட் பெயரால் வழங்கும் குறியீடு இதற்கு ஒரு விடையாயிற்று. ஒவ்வொரு பதிவும் எத்தனை குழுக்களுக்கு இடப்பட்டதோ அவ்வெண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டு, அவற்றைக் கூட்டுவது இதன் முறை. 20 குழுக்களில் தனித்தனியே இட்ட செய்தியின் மதிப்பு 20; ஒரே பதிவாக 9 குழுக்களுக்குச் சேர்த்து இட்டதன் மதிப்பு 3. 45 நாட்களுள் மதிப்பு 20ஐ எட்டினால் நீக்கலாம் என்பது வழக்காயிற்று. செய்தி கூறும் பொருள் நல்லதா தீயதா என்பது இங்கு ஆராயப்படவில்லை. எண்ணிக்கை மட்டுமே நோக்கப்பட்டதால், ஒருவரையொருவர் அறியாத தொண்டர் பலரும் ஒரே முடிவுக்கு வர இயன்றது. கருத்தை ஒடுக்குகின்றனர் என்னும் பழிக்கும் விடை கிடைத்தது.

அடுத்து எழுந்த ‘நோசீம்’ என்னும் முறை அதிகாரத்தை மேலும் பகிர்ந்தது. இதில் நீக்கப் பரிந்துரைப்போர் கையொப்பமிட்ட பட்டியலை வெளியிடுவர். யாருடைய பட்டியலை ஏற்பது என்பதைப் படிப்பவரே முடிவு செய்வார்.

4. சுமையின் எல்லை

1998 ஏப்ரலில் நீக்கற் பணியாளர் பலர் பணியை நிறுத்தினர். குப்பையைத் தோற்றுவாயிலேயே தடுக்கும் கடமை இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்களுக்கு உண்டு. தொண்டர்கள் உழைப்பதால் அக்கடமை மறக்கப்படுகிறது என்பது அவர்தம் வாதம். பின்னாளில் கூகுள் நிறுவனம் வேண்டாத செய்திகளின் பெருக்கத்தையும் ஒரு காரணமாகக் காட்டி, 2024 பிப்ரவரி 22 முதல் தன் குழுச்சேவை வழியே யூஸ்நெட்டில் புதிய செய்தி இடுவதை நிறுத்தியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இரண்டு. பலர் கூடிக் காப்பதற்கு ஆள் மிகுதி மட்டும் போதாது. அனைவரும் சரிபார்க்கத்தக்க பொது அளவுகோலும், செய்ததை அறிவிக்கும் ஒழுங்கும் வேண்டும். அவை இருந்தும், குப்பையைத் தோற்றுவிக்கும் வாயிலை உடையோர் பங்கேற்காவிடின் தொண்டர்தம் உழைப்பு நெடுநாள் தாங்காது. மட்டுறுத்தல் என்பது பேசுவோர்க்கு எதிரான தடையன்று. பேச்சு செவியுறுதற்கு வேண்டும் இடத்தைப் பேணும் பொதுப்பணி எனலாம்.