சுண்டெலி முளையமும் முள்ளந்தண்டின் மணிக்கூடும்

முள்ளந்தண்டுடைய உயிர்கள் யாவும் முளையப் பருவத்திலே துண்டம் துண்டமாக வகுக்கப்பட்டே உருப்பெறுகின்றன. முதுகின் நடுவே ஓடும் நரம்புக் குழாயின் இருமருங்கும், மணிகளைக் கோத்தாற்போல, இழையத் திரள்கள் சோடி சோடியாகத் தோன்றும். இவையே உடற்றுண்டங்கள். முள்ளந்தண்டென்புகளும் விலாவென்புகளும் முதுகுத் தசைகளும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியராகிய மால்பீகி, கோழி முட்டையினுள் இவற்றை நுணுக்குக்காட்டி கொண்டு கண்டு வரைந்தார். ஆயின் எது இவ்வாறு அளந்து வகுக்கின்றது என்னும் வினா முந்நூறு ஆண்டுகளாக விடையின்றியே கிடந்தது.

விடைக்கு வழிகாட்டிய சான்றுகளுள் ஒன்று, முதுகு கோணிய ஒரு சுண்டெலிக் குலம். ஜேர்மனியிற் பிறந்து 1933இல் இலண்டன் சேர்ந்த ஹான்ஸ் குறூனபேர்க் என்பார், எலிகளின் என்புக் குறைபாடுகளை ஆராய்வதிலே நெடுங்காலம் உழைத்தவர். 1961இல் அவர் ‘பட்ஜி’ எனப் பெயர்பெற்ற குலத்தைப் பற்றி எழுதினார். குட்டையும் தடிப்புமான உடலைக் குறிக்கும் பெயர் அது. அவ்வெலிகளின் வால் குறுகியும், முள்ளந்தண்டென்புகளும் விலாவென்புகளும் உருக்குலைந்தும் இருந்தன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் விகாரம் வந்தாலன்றி இக்குறை வெளிப்படாது. வளர்ந்தபின் வளைந்த என்பன்று இது. உடற்றுண்டங்கள் வகுபடும் வேளையிலேயே ஒழுங்கு குலைந்துவிடுகின்றது என்பதை அவர் கண்டார். குறைக்குக் காரணமான பரம்பரையலகைப் பிரித்தெடுக்கும் முறை அந்நாளில் இல்லை. எனினும் அவர் செய்த விவரணம் வீண்போகவில்லை.

கருத்து வேறு திசையிலிருந்து வந்தது. ஜொனதன் குக் என்பார் தவளை முளையங்களைச் சிறிதாக்கிப் பார்த்தபோது, துண்டங்களின் எண்ணிக்கை குறையாது ஒவ்வொரு துண்டமுமே சிறுத்தது. இதனை விளக்க அவரும் கணித அறிஞர் கிறிஸ்தோபர் சீமனும் 1976இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். கலங்களுள் ஒரு மணிக்கூடு ஓடுகின்றது. தலையிலிருந்து வாலை நோக்கி முதிர்ச்சி அலையொன்று நகர்கின்றது. தெருவிலே சீராக நடந்து செல்பவன், ஒவ்வொரு மணியோசைக்கும் ஒரு கல்லை நாட்டிச் சென்றால் கற்களினிடையே தூரம் ஒத்திருக்குமன்றோ? நடை தளர்ந்தால் தூரம் குறையும். கல்லின் தொகை குறையாது. கோட்பாடு அழகியது. மணிக்கூட்டை மட்டும் எவரும் கண்டிலர்.

இருபத்தோராண்டு கழிந்து, 1997இல் பிரான்சிலே ஒலிவியே பூர்க்கியேயின் குழுவினரான இசபெல் பல்மெய்ரிம் முதலியோர் அதனைக் கண்டனர். கோழி முளையத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை உடனே பதப்படுத்தி, மறுபாதியைச் சிறிது நேரம் வளரவிட்டு ஒப்பிட்டனர். ஒரு பரம்பரையலகின் செயல் வாற்புறத்தே எழுந்து, முன்னோக்கிப் பரந்து, அடங்கி, 90 நிமிடத்தில் மீண்டும் எழுந்தது. கோழியில் ஒரு சோடித் துண்டம் தோன்றும் நேரமும் அதுவே.

கண்டதை மாற்றிச் சோதிப்பதற்குச் சுண்டெலியே ஏற்றது. ஏனெனில், 2007இல் நோபெல் பரிசு பெற்ற கப்பெக்கி, எவான்ஸ், ஸ்மிதீஸ் ஆகியோரின் முறைகளால், அதன் பரம்பரையலகுகளை வேண்டியவாறு நீக்கவும் மாற்றவும் இயலும். அதன் முளையத்தில் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒன்றாக 65 சோடித் துண்டங்கள் வரை தோன்றுகின்றன. 1998இல் ‘லூனற்றிக் பிரிஞ்’ என்னும் அலகை நீக்கியபோது துண்டங்கள் தாறுமாறாயின. (பித்துக்கொண்ட ஓரம் என்பது அப்பெயரின் பொருள்; அறிஞர்க்கும் விளையாட்டுக் குணம் உண்டு போலும்.) அவ்வாண்டிலேயே குறூனபேர்க்கின் பட்ஜி எலியின் மர்மமும் வெளிப்பட்டது. ‘டெல்ற்றா’ வகையைச் சேர்ந்த ஒரு பரம்பரையலகில் நான்கு எழுத்துக்கள் விடுபட்டிருந்தன. இவ்விரு அலகுகளும், அயற்கலங்கள் தம்முள் செய்தி பரிமாறும் ‘நொச்’ என்னும் ஒழுங்கைச் சார்ந்தவை.

மணிக்கூட்டின் உட்பொறியை யப்பானியர் ஆராய்ந்தனர். கியோட்டோவில் ககேயாமா குழுவினர் 2001இல் ‘ஹெஸ் 7’ என்னும் அலகின் பணியை வெளியிட்டனர். இதன் வேலை விந்தையானது. அவ்வலகு புரதத்தை ஆக்குகின்றது. அப்புரதமோ தன்னை ஆக்கிய அலகையே சென்று அடக்குகின்றது. புரதம் சிதைந்தொழிந்ததும் அலகு மீண்டும் விழிக்கின்றது. எனவே ஆக்கத்தைப் போலவே அழிவும் காலந்தவறாது நிகழவேண்டும். 2004இல் இதே குழுவினர் அப்புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினர். அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 22 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாயிற்று. அடக்கும் ஆற்றல் குன்றவில்லை. ஆயினும் முதற்சில துண்டங்களின்பின் ஒழுங்கு சிதைந்தது. எட்டு நிமிடத் தாமதம் ஒரு முதுகைக் குலைக்கப் போதும் என்பது, இவ்வரலாற்றிலே வியப்புக்குரிய செய்திகளுள் தலையாயது எனலாம். 2011இல் மறுபுறமாகவும் சோதித்தனர். அவ்வலகின் படியிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதிகளை முன்னரே அகற்றிவிட, வெளிப்பாடு ஏறத்தாழ 19 நிமிடம் முந்தியது, மணிக்கூடு நின்றது, துண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டின.

துண்டங்களை வகுப்பது ஒன்று. எத்துண்டம் கழுத்தென்பு, எது மார்பென்பு என விதிப்பது வேறொன்று. பின்னதற்கு ‘ஹொக்ஸ்’ அலகுகள் உள. 2003இல் வெலிக், கப்பெக்கி இருவரும் பத்தாம் ஹொக்ஸ் தொகுதி முழுவதையும் செயலிழக்கச் செய்தபோது, விலா முளைக்கலாகாத இடுப்பென்புகளிலும் விலா முளைத்தது. அது தனியே விரித்துரைத்தற்குரிய வரலாறு.

பட்ஜி எலியில் கண்ட அதே பரம்பரையலகின் விகாரங்கள், முள்ளந்தண்டும் விலாவும் உருக்குலைந்து பிறக்கும் மக்கட் குழந்தைகளிலும் உள்ளமை 2000ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. 2008இல் ஹெஸ் 7 அலகின் விகாரமும் அவ்வாறே அறியப்பட்டது. கோணிய முதுகோடு பிறந்த மகவைக் கண்டு, கருவுற்ற காலத்தில் தான் உண்டதையும் நடந்ததையும் எண்ணித் தன்னையே நொந்துகொண்ட தாயர் எத்துணையரோ! அன்னோரிற் சிலருக்கேனும் இவ்வாய்வுகள் ஒரு விடையை அளித்தன.

ஆயினும் பரம்பரையே முழுக் காரணமன்று. ஹெஸ் 7 அலகின் இரு படிகளுள் ஒன்று மட்டும் பழுதுற்ற எலி முளையங்களைச் சிட்னியில் டன்வுடீ குழுவினர் ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். துண்டங்கள் வகுபடும் நாளிலே தாயெலி சில மணி நேரம் ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசித்தால், குட்டிகளின் முள்ளந்தண்டுக் குறை மிகுந்தது. சோதனை முடிந்து தாயெலி வழக்கமான காற்றுக்கு மீண்டாலும், அந்நேரத்திலே குலைந்த துண்டங்கள் திருந்தவில்லை.