மேற்கோள் எண்ணிக்கையும் அறிவின் அமானிதமும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில், திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் சி.வி. இராமன். அத்தீவுக்குத் தெற்கே, ஆற்றின் மறுகரையில் இருக்கிறது திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரி. பின்னாளில் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் பயின்ற அக்கல்லூரியில் 1942-இல் இயற்பியல் பட்டம் பெற்றார், எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். இராமச்சந்திரன். அடுத்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இராமனின் மாணவரானார். 1952-இல், முப்பது வயதை எட்டிய ஆண்டிலேயே, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார்.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் அமைப்பு மூன்று இழைகள் முறுக்கிய சுருள் என்பதை 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 'நேச்சர்' இதழில் அவர் வெளியிட்டார். மறு ஆண்டு அதனைத் திருத்தியும் அமைத்தார். அதே 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுப்புரைத்தனர். சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டன்று, ஒரே ஹைட்ரஜன் பிணைப்புதான் இயலும் என்பது அவர்கள் வாதம். மூவிழைச் சுருள் என்னும் அடிப்படை நிலைத்தது. பிணைப்பின் எண்ணிக்கையில் ரிச், கிரிக் கூற்றே சரியென 1994-இல் வெளியான படிக ஆய்வு காட்டியது.

எனினும் அந்த மறுப்பு வீண்போகவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற வினாவை இராமச்சந்திரன் அடியிலிருந்து ஆராய்ந்தார். புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலமும் இரு பிணைப்புகளைச் சுற்றித் திரும்பவல்லது. எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்பதை ஒரே படத்தில் வரைந்து, சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியிட்டார். அதுவே 'இராமச்சந்திரன் வரைபடம்'. இன்று ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிவோர், தம் முடிவு சரியா என்பதை அவ்வரைபடத்தில் வைத்துச் சோதிக்கின்றனர்.

இத்தகைய உழைப்பை எண்ணால் அளக்க முயன்றது நம் காலம். எந்தக் கட்டுரையை எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின எனப் பதியும் திட்டத்தை 1955-இல் யூஜின் கார்ஃபீல்டு முன்மொழிந்தார். 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளியாயிற்று. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் 'எச்' குறியீட்டை வகுத்தார். ஒருவரின் இருபது கட்டுரைகள் தலா இருபது முறையேனும் மேற்கோள் பெற்றிருந்தால் அவர் குறியீடு இருபது.

பயனுள்ள கருவிதான், ஆனால் குறைபாடுகள் உண்டு. பாராட்டும் மேற்கோளும் மறுக்கும் மேற்கோளும் கணக்கில் ஒன்றாகவே விழும். 2014-இல் 'நேச்சர்' தொகுத்த பட்டியலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களுடன் முதலிடம் பெற்றது, புரத அளவை அறியும் முறையை விளக்கிய ஆலிவர் லௌரியின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை. அன்றாடத் தேவை அதனை அங்கே நிறுத்தியது. மாறாக, ஒரு கண்டுபிடிப்பு பொதுவறிவாகிவிட்டால் மூலக் கட்டுரையைச் சுட்டுவதே நின்றுபோகும் என்றார் சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன். பெயரே கருவியாகிவிட்ட இராமச்சந்திரனுக்கு இது பெரிதும் பொருந்தும்.

'யாரிடமிருந்து பெற்றாய்?' என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் தொடரான இஸ்னாதைக் கட்டிக்காத்தனர். ஜர்ஹ், தஃதீல் என்னும் ஆய்வால் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோட்டனர். எண்ணிக்கையையும் அவர்கள் புறக்கணிக்கவில்லை. பலர் வழியாக வந்த முதவாத்திர் செய்திக்குத் தனியிடம் தந்தனர். ஆயினும் இமாம் புகாரி தம் தொகுப்பின் முதலில் வைத்த நிய்யத் பற்றிய நபிமொழி, உமர் (ரலி), அல்கமா, முஹம்மத் இப்னு இப்ராஹீம், யஹ்யா இப்னு சஈத் என நான்கு தலைமுறைகளில் ஒவ்வொருவர் வழியாகவே வந்தது. அதன் பிறகே பலரிடம் பரவியது. தனியொருவர் அறிவித்தது என்பதால் அது தள்ளப்படவில்லை. அறிவித்தவரின் தகுதியே அளவுகோலாயிற்று.

பதவி உயர்வுக்காக எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசை கல்விக்கூடங்களில் பரவியுள்ள இக்காலத்தில், இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடாதீர் என 2012-இல் உருவான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டுக்கொண்டது. நம் இளைஞர்கள் ஆய்வில் இறங்கும்போது, மறுப்பைப் பகையாகக் கொள்ளாமல் எட்டாண்டு உழைத்து விடை தேடிய அந்தத் திருச்சி மாணவரை நினைவில் வைப்பது நலம். பிறர் அறிவைப் பிறர் பெயராலேயே சொல்வதும், தம் பிழையைத் தாமே சோதிப்பதும் அமானிதம். அதனை எந்த அட்டவணையும் எண்ணிக் காட்டாது.