மூன்றாவது விதி: வெஸ்லியின் மெதடிஸ்டு இயக்கமும் முன்னேறும் ஆசையும்

சீர்திருத்தக் கிறிஸ்தவம் உழைப்பைப் போற்றியது, அதனாலேயே செல்வத்தையும் போற்றியது என்றொரு எண்ணம் நிலைத்துவிட்டது. மாக்ஸ் வேபரின் 1904–05 ஆய்வை மேலோட்டமாகப் படித்தவர்கள் பரப்பியது இது. முதல் பாதியை மறுக்க முடியாது. இரண்டாம் பாதிக்கு மூல நூல்களில் ஆதரவு குறைவு.

செருப்புத் தைப்பவரின் வேலை குருவின் வேலையைவிடத் தாழ்ந்ததல்ல என்றார் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர். ஆனால் அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்க வேண்டும் என்பதும் அவர் போதனைதான். செருப்புத் தைப்பவருக்கு மதிப்பு கூடியது. கடை முதலாளியாகும் ஆசைக்கு இடம் கிடைக்கவில்லை. 1602இல் மறைந்த கேம்பிரிட்ஜ் இறையியலாளர் வில்லியம் பெர்கின்ஸும் தேவைக்குப் போதுமானதைத் தேடலாம், மிகுதியைத் தேடலாகாது என்றே எழுதினார்.

இந்தக் கோடு அசைந்தது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில். அசைத்தவர் மெதடிஸ்டு இயக்கத்தை நிறுவிய ஜான் வெஸ்லி. அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமையை வைத்து அவர் செய்த பிரசங்கம் 1760இல் அச்சேறியது. பணத்துக்கு அவர் வகுத்த விதிகள் மூன்று: இயன்றவரை ஈட்டுவது, இயன்றவரை மிச்சப்படுத்துவது, இயன்றவரை கொடுத்துவிடுவது. முதல் விதிக்கே அவர் போட்ட வேலிகள் பல. உடலைக் கெடுக்கும் தொழில் ஆகாது. சாராய விற்பனை ஆகாது. சந்தை விலைக்குக் கீழே விற்று அடுத்த கடைக்காரரைக் கவிழ்ப்பதும் ஆகாது. மூன்றாவது விதி தசமபாகத்தோடு நிற்பதல்ல. தன் தேவையும் குடும்பத்தின் தேவையும் போக மிஞ்சுவது முழுவதையும் கேட்பது.

ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர் ஒருவர் ஆண்டுக்கு 30 பவுன் வருமானத்தில் 28இல் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார் என்றும், வருமானம் 60, 90, 120 என ஏறியபோதும் அதே 28இல் வாழ்ந்தார் என்றும் வெஸ்லி பின்னாளில் சொன்னார். அந்த இளைஞர் அவரேதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1776இல் வரி அதிகாரிகள் வெள்ளிச் சாமான்களுக்குக் கணக்குக் கேட்டபோது, லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு என நான்கு சிறு கரண்டிகளே இருப்பதாக எழுதியனுப்பினார்.

முதல் இரண்டு விதிகளுக்கு இயக்கத்துக்குள் அமைப்புகள் இருந்தன. கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு. வாரந்தோறும் கூடும் வகுப்புகள் குடியையும் சோம்பலையும் கண்காணித்தன. 1746இல் தொடங்கிய கடன் நிதி, மூன்று மாதத் தவணையில் சிறு தொழிலுக்கு முதல் கொடுத்தது. மூன்றாவது விதிக்கு இப்படி எதுவும் இல்லை. 1743 மார்ச்சில் நியூகாசில் மெதடிஸ்டு சங்கத்திலிருந்து நீக்கப்பட்ட 64 பேரின் கணக்கை வெஸ்லியே நாட்குறிப்பில் தருகிறார். அவர்களில் குடிக்காக 17 பேர், பொறுப்பின்மைக்காக 29 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பலுக்காக ஒருவர். செல்வம் சேர்த்ததற்காக ஒருவர்கூட இல்லை. பூமியில் பொக்கிஷம் சேர்ப்பதைச் சங்கத்தின் பொது விதிகள் வெளிப்படையாகவே தடுத்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடிகாரரைத் தெருவே காட்டிக்கொடுக்கும். பெட்டியில் இருப்பதை யார் எண்ணுவது?

அந்தக் கடன் நிதியிலிருந்து 1775 வாக்கில் 5 பவுன் வாங்கியவர்களில் ஜேம்ஸ் லாக்கிங்டன் ஒருவர். செருப்புத் தொழில் கற்று லண்டனுக்கு வந்து பழைய புத்தகக் கடை வைத்தவர். விற்காமல் தேங்கிய பிரதிகளில் பெரும்பகுதியை அழித்து, எஞ்சியவற்றின் விலையைக் காப்பது அன்றைய புத்தக வணிகரின் வழக்கம். லாக்கிங்டன் எதையும் அழிக்காமல் மலிவாக, ரொக்கத்துக்கு மட்டும் விற்றார். சக வணிகர்கள் கொதித்தார்கள். 1792இல் அவருடைய லாபம் சுமார் 5,000 பவுன். வெஸ்லியின் நிதியில் வளர்ந்த இந்த வெற்றி வெஸ்லி போட்ட வேலியைத் தாண்டியே வந்தது. ஆனால் ஏழைகள் கைக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்ததும் அதனால்தான். அந்த வேலி சரியான இடத்தில் போடப்பட்டதா என்பதே விவாதத்துக்குரியது. 1791இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் லாக்கிங்டன் மெதடிஸ்டுகளைக் கேலி செய்தார்.

வெஸ்லிக்கு இந்தப் போக்கு தெரிந்தே இருந்தது. பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் தரும், அவை செல்வத்தைத் தரும், செல்வம் பக்தியை அரிக்கும் என 1786இல் எழுதினார். வேபர் மேற்கோளாக எடுத்தது இந்தப் பகுதியைத்தான். அதை எழுதியவருக்கோ அது புலம்பல். 1789இல், எண்பத்தாறு வயதில், 50,000 மெதடிஸ்டுகளில் மூன்றாவது விதியைக் கடைப்பிடிப்போர் 500 பேராவது தேறுவார்களா என்று கேட்டார். அவர் கண்ட மருந்து மறுபடியும் பிரசங்கமே.

லாக்கிங்டன் மனம் மாறி 1804இல் பாவ அறிக்கை நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் டாண்டனிலும் பட்லி சால்டர்டனிலும் தன் செலவில் மெதடிஸ்டு ஆலயங்களைக் கட்டினார். செல்வரின் கொடை இயக்கத்துக்குள் நுழைந்தது பெரும்பாலும் இந்த வடிவில்தான். ஆலயங்களை அதிகச் செலவில் கட்டினால் பணக்காரர்கள் இல்லாமல் முடியாது என்ற நிலை வரும், பிறகு அவர்களே நம்மை ஆள்வார்கள் என்று தம் போதகர்களுக்கான விதிகளில் வெஸ்லி முன்பே எழுதி வைத்திருந்தார்.