நிற அட்டையில் இல்லாத பிழை: வீட்டு மீன்தொட்டி நீர்ச்சோதனை குறித்து

வீட்டில் வண்ணமீன் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி, எந்தச் சோதனைப் பெட்டி சரியான அளவைக் காட்டும் என்பது. சொட்டுக் கரைசலா, நிறப் பட்டையா, பேனா வடிவ மின்னணுக் கருவியா என்று விவாதம் நீள்கிறது. கேள்வி நியாயமானதே, ஆனால் அது பாதிக் கேள்வி. ஓர் அளவில் உள்ள பிழை, அதை நம்பி எடுக்கும் முடிவில் எவ்வளவு பெருகுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேள்வி முழுமையாகும். அப்படிப் பார்த்தால், பெரிய பிழை அம்மோனியாப் புட்டியில் இல்லை, பி.எச். அளவில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அம்மோனியாச் சோதனையின் வேதியியல் பழையது. 1859இல் பெர்த்தலோ கண்ட நீலநிற வினையில் பினாலுக்குப் பதிலாகச் சாலிசிலேட்டைச் சேர்த்ததே இன்றைய சொட்டுக் கரைசல். சோதனைக் குழாயில் காரத்தன்மை மிக உயர்வதால் நீரிலுள்ள அம்மோனியம் அயனியும் அம்மோனியாவாக மாறி வினையில் சேர்கிறது. ஆகவே, மஞ்சளிலிருந்து பச்சைக்கு நகரும் நிறம் காட்டுவது மொத்த அம்மோனியாவை. செவுள் வழியே எளிதாக உடலில் நுழைந்து மீனைக் கொல்வதோ அயனியாகாத அம்மோனியா. மொத்தத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதைப் பி.எச்.சும் வெப்பநிலையுமே தீர்மானிக்கின்றன.

நம் ஊர்த் தொட்டிகளில் சாதாரணமான 30 பாகை செல்சியசில் கணக்கிட்டுப் பார்க்கலாம். பி.எச். 7.0 என்றால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ 0.8 விழுக்காடு; 8.0 என்றால் 7.4, 8.4 என்றால் 17. குழாயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று படித்த ஒரே அளவு, முதல் தொட்டியில் 0.004 மில்லிகிராம் நஞ்சையும், இரண்டாவதில் 0.037ஐயும், மூன்றாவதில் 0.084ஐயும் குறிக்கிறது. ஐரோப்பிய உள்நாட்டு மீன்வள ஆலோசனைக் குழு 1970இல் பரிந்துரைத்த வரம்பு 0.025. நிற அட்டையில் ஒரே கட்டம். ஒரு தொட்டியில் மீன் நலமாக இருக்கிறது, மற்ற இரண்டிலும் வரம்பு மீறப்பட்டிருக்கிறது.

இப்போது பிழைகளை எடை போடலாம். அட்டையில் 0.25, 0.5, 1, 2 என்று கட்டங்கள் இரட்டித்துச் செல்கின்றன. 0.5 என்று படித்தவரின் உண்மை அளவு 0.35 முதல் 0.75 வரை எங்கும் இருக்கலாம். அதாவது மிஞ்சிப்போனால் ஒன்றரை மடங்கு. பி.எச். அளவில் 0.3 தவறினாலோ நச்சின் அளவு இரு மடங்காகும், ஏனெனில் பி.எச். மடக்கை அளவுகோல். அந்தத் தவறு நேர்வதும் எளிது. மலிவான பெட்டிகளில் வரும் புரோமோதைமால் நீலம் 6.0 முதல் 7.6 வரைதான் நிறம் மாறும். அதற்கு மேல் எந்த நீரானாலும் குழாய் அதே நீலமாகத்தான் நிற்கும். அட்டையின் கடைசிக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று 7.6 எனக் குறித்துக்கொண்டவரின் தொட்டி 8.2ஆக இருக்கலாம், அப்போது நச்சு அவர் கணக்கிட்டதைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல்.

ஆழ்துளைக் கிணற்று நீர் இன்னொரு சிக்கல். இறைத்தவுடன் அதில் கரியமில வாயு மிகுந்திருப்பதால் பி.எச். தாழ்ந்து காட்டும், காற்றோட்டமுள்ள தொட்டியில் ஒரு நாள் நின்றால் உயரும். குழாயடியில் எடுத்த அளவு தொட்டிக்குப் பொருந்தாது. செடிகள் அடர்ந்த தொட்டியில் காலை அளவும் மாலை அளவும்கூட வேறுபடும். மின்னணுப் பேனாவை நம்புவோர், 7 அளவுள்ள தாங்கல் கரைசலோடு காரப் பக்கத்துக் கரைசல் ஒன்றையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதன் கண்ணாடிக் குமிழை உலரவிடக் கூடாது, ஆர்.ஓ. நீரில் ஊறவைப்பதும் கெடுதல். திரையில் இரண்டு தசம இலக்கம் தெரிவது சரியான அளவுக்குச் சான்றாகாது.

நைட்ரேட் இதற்கு நேர்மாறு. 20 மில்லிகிராமா 30 மில்லிகிராமா என்பதில் தவறினால் நீர் மாற்றும் நாள் சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவே. அங்கே கவலைப்பட வேண்டியது ஒரே திசையில் இழுக்கும் பிழை. நைட்ரேட் சோதனையில் நிறம் தரும் கிரீஸ் வினை நைட்ரைட்டைத்தான் காணும் என்பதால், நைட்ரேட்டை முதலில் துத்தநாகத் தூளால் நைட்ரைட்டாகக் குறைக்க வேண்டும். அந்தத் தூள் புட்டியின் அடியில் படிந்து இறுகிவிடும். நன்றாகக் குலுக்காமல் சொட்டுவிட்டால், நைட்ரேட் நிறைந்த நீரும் தூய நீர்போல் மஞ்சளாகவே நிற்கும். புதுப் பெட்டி வாங்கினாலும் இதே கதைதான்.

சோதனையின் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்காக உரக்கடையில் விற்கும் 13:0:45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். நகைத் தராசில் 1.63 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் நைட்ரேட். அதில் 20 மில்லிலிட்டரை எடுத்து ஒரு லிட்டராக்கினால் 20 மில்லிகிராம். உரத்தின் தூய்மைக் குறைவால் ஆறு விழுக்காடு குறைந்தாலும், அட்டையின் கட்ட இடைவெளிக்கு முன் அது பொருட்டல்ல. இக்கரைசலைச் சோதித்து 5 என்று வந்தால் குறை சோதனையில்தான், தொட்டி நீரில் அல்ல.

மீனைப் பார்த்தாலே தெரியும், இத்தனை கணக்கு எதற்கு என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. அனுபவத்தை மதிக்கிறேன்; ஆனால் மீன் மேற்பரப்பில் வந்து மூச்சு வாங்கும்போது செவுள் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். சோதனை செய்வதே அதற்கு முன் தெரிந்துகொள்ளத்தான்.

ஆகவே பெட்டி தயாரிப்போரிடமும், சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் அவற்றை விற்போரிடமும் வேண்டுகோள் ஒன்று: அம்மோனியாச் சோதனையைத் தனியாக விற்காதீர்கள். 7.4க்கு மேல் அளக்கும் பி.எச். கரைசலையும், 26 முதல் 32 பாகை வரைக்கான, தமிழில் அச்சிட்ட நச்சுப் பங்கு அட்டவணையையும் அதனுடன் சேர்த்துக் கொடுங்கள்.