கடற்கரை இல்லா ஊரில் தொடங்கும் கடல்விதி: அபாயப் பொருள்களின் கப்பல் போக்குவரத்து ஒழுங்குமுறை வரலாறும் சூளகிரி – ஓசூர் எல்லைப் பகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

அபாயப் பொருள்களைக் கப்பலில் அனுப்புவதற்கான விதிகள் கப்பலைக் காக்கும் நோக்கில் தோன்றியவை. ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டில் அவ்விதிகளின் செயற்களம் கப்பல் தளத்திலிருந்து துறைமுகத்திற்கும், அங்கிருந்து சரக்குக் கட்டப்படும் உள்நாட்டுத் தொழிற்கூடத்திற்கும் நகர்ந்துள்ளது. கடலிலிருந்து தொலைவிலுள்ள சூளகிரி போன்ற தொழிற்பகுதிகள் இன்று இவ்விதிகளின் முதற்களமாக இருப்பதையும், அதனால் எழும் மொழிச் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அபாயப் பொருள், கொள்கலன், சரக்கு அறிவிப்பு, விதித்தொகுப்பு, ஓசூர், சூளகிரி.

முன்னுரை

சூளகிரி, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். சென்னைத் துறைமுகம் இங்கிருந்து சாலைவழி ஏறத்தாழ 280 கி.மீ. தொலைவு. கடல் வணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் துறைமுக நகரங்களையே பெரிதும் நோக்குவர். உள்நாட்டு ஊர்கள் அவ்வரலாற்றில் பொருள்களின் பிறப்பிடமாக மட்டுமே இடம்பெறும். அபாயப் பொருள்களைப் பொறுத்தவரை இப்பார்வை போதாது.

பெயரிடலும் அறிவித்தலும்

பிரித்தானிய வணிகக் கப்பல் சட்டம் (1894) அபாயப் பொருள்கள் சிலவற்றைப் பெயர் சுட்டிப் பட்டியலிட்டது. நைட்ரிக் அமிலம், கந்தக அமிலம், நாப்தா, வெடிமருந்து, தீக்குச்சி, நைட்ரோகிளிசரின், பெட்ரோலியம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றை அனுப்புவோர் பொதியின் வெளிப்புறத்தில் அதன் தன்மையைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். கப்பல் தலைவருக்கோ உரிமையாளருக்கோ எழுத்தில் அறிவிக்க வேண்டும். பொருளின் தன்மையை அறிந்தவர் அதை அனுப்புபவரே. ஆகவே அறிவிக்கும் கடமையும் அவருடையது என்னும் அடிப்படை இங்கே நிலைபெற்றது. இந்தியாவின் வணிகக் கப்பல் சட்டமும் (1958) இக்கடமையை ஏற்றது.

டைட்டானிக் விபத்தின் பின் 1914இல் உருவான கடலில் உயிர்க்காப்பு உடன்படிக்கை, கப்பலுக்கும் பயணிகளுக்கும் ஆபத்து விளைவிக்கும் சரக்கைத் தடை செய்தது. ஆனால் எது ஆபத்தான சரக்கு என்பதை முடிவு செய்யும் பொறுப்பை அந்தந்த அரசுகளிடமே விட்டது. இதனால் ஒரே பொருள் ஒரு நாட்டில் அபாயப் பொருளாகவும் மற்றொரு நாட்டில் பொதுச் சரக்காகவும் கருதப்படும் நிலை தொடர்ந்தது.

பம்பாய் 1944

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ கப்பல் தீப்பற்றி வெடித்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும், கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் இருந்தன. துறைமுகமும் அதனையடுத்த நகர்ப்பகுதிகளும் அழிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்நாளே இன்றும் நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூரப்படுகிறது. மூன்றாண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல் 16 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் நகரத் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய ‘கிராண்ட்கேம்ப்’ கப்பல் வெடித்து 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பம்பாயில் வெடிபொருள் இருப்பது அறியப்பட்டே இருந்தது. எரியக்கூடிய பஞ்சு அதனோடு ஒரே கப்பலில் அடுக்கப்பட்டிருந்ததே கேட்டைப் பெருக்கியது. அறிவித்தல் மட்டும் போதாது, எதனுடன் எதைச் சேர்த்து அடுக்கலாகாது என்பதும் விதியாக வேண்டும் என்பதற்கு இது கொடிய சான்று.

பொது விதித்தொகுப்பு

ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு 1956இல் அபாயப் பொருள் போக்குவரத்துக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. 1960ஆம் ஆண்டின் உயிர்க்காப்பு உடன்படிக்கை தன் ஏழாம் இயலை இதற்கென ஒதுக்கியது. அதன் தொடர்ச்சியாக, கப்பல் துறையினர் ‘ஐ.எம்.டி.ஜி. கோடு’ என வழங்கும் பன்னாட்டுக் கடல்வழி அபாயப் பொருள் விதித்தொகுப்பு 1965இல் ஏற்கப்பட்டது. பொருள்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்தல், ஒவ்வொன்றுக்கும் நான்கிலக்க ஐ.நா. எண், சாய்சதுர அடையாள வில்லை, சோதிக்கப்பட்ட பொதி, பிரித்து அடுக்கும் அட்டவணை ஆகியவை அதன் கூறுகள். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பரிந்துரையாகவே இருந்த இத்தொகுப்பு, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று.

கரை உள்நாட்டிற்கு நகர்தல்

கொள்கலன் போக்குவரத்து வந்தபின் துறைமுகத்தில் பொதிகளைக் கண்ணால் காணும் வாய்ப்புக் குறைந்தது. பெட்டி தொழிற்கூடத்திலோ உள்நாட்டுச் சரக்கு நிலையத்திலோ நிரப்பப்பட்டு முத்திரையிடப்படுகிறது. துறைமுகமும் கப்பலும் அறிவது உடன்வரும் ஆவணத்தையே. ஆகவே விதித்தொகுப்பு, சரக்கு அறிவிப்போடு கொள்கலனில் முறையாக ஏற்றிக் கட்டியதற்கான சான்றையும் கோருகிறது. கரைப் பணியாளருக்கான பயிற்சி 2010 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. வகைப்படுத்துவோர், பொதி கட்டுவோர், வில்லை ஒட்டுவோர், ஆவணம் எழுதுவோர் யாவரும் இதில் அடங்குவர். விதியின் மொழியில் ‘கரை’ என்பது சூளகிரி வரை நீள்கிறது.

இம்மாற்றத்தின் முக்கியத்துவத்தை 2021ஆம் ஆண்டின் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ விபத்து உணர்த்துகிறது. 25 டன் நைட்ரிக் அமிலம் உள்ளிட்ட சரக்குடன் கொழும்பு நோக்கி வந்த அக்கப்பலில் அமிலக் கசிவு முன்னரே கண்டறியப்பட்டது. கத்தாரின் ஹமாத், குஜராத்தின் ஹசீரா ஆகிய துறைமுகங்களில் அக்கொள்கலனை இறக்க வழி கிட்டவில்லை. மே 20 அன்று தீப்பற்றிய கப்பல் பின்னர் மூழ்கியது. 1894ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே இருந்த பொருள்தான் நைட்ரிக் அமிலம். பெயரிடுதலும் அறிவித்தலும் குறைவறச் செய்யப்பட்டாலும், பெட்டிக்குள் நேரும் குறையைக் கடலில் சரிசெய்வது அரிது. அதே கப்பலில் இருந்த நெகிழித் துகள்கள் அபாயப் பொருளாக வகைப்படுத்தப்படாதவை. எனினும் இலங்கையின் கடற்கரையைப் பெரிதும் கெடுத்தவை அவையே. பட்டியலும் முடிவுற்றதன்று.

சூளகிரியின் இடம்

இப்பகுதியின் தொழில்மயமாக்கம் 1970களில் ஓசூர் சிப்காட் வளாகத்துடன் தொடங்கியது. கிருஷ்ணகிரியின் பழைய ஏற்றுமதிகளான மாங்கூழும் கருங்கல்லும் மேற்கண்ட ஒன்பது வகுப்புகளுள் அடங்கா. இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகும் மின்சார இருசக்கர வாகனங்களோ லித்தியம் அயனி மின்கலத்தால் ஒன்பதாம் வகுப்பில் சேர்வன. இவற்றிற்கு முன்பு 3171 என்னும் பொது எண் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமான திருத்தம் 3556 என்னும் தனி எண்ணை வழங்கியுள்ளது. இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் இத்தகைய விதிகளை ஏற்றுமதித் தொழிற்கூடத்தின் ஏற்றுகூடம் உடனுக்குடன் அறிந்தாக வேண்டும்.

இங்கே மொழிச் சிக்கல் எழுகிறது. வில்லையின் சின்னமும் எண்ணும் மொழி கடந்தவை, பயிற்சி அவ்வாறன்று. இப்பகுதி தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்குவது. வடமாநிலத் தொழிலாளரும் மிகுதி. மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) ஒன்பதாம் விதியில், அபாயச் சரக்கு ஏற்றும் வாகன ஓட்டுநர் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்கிறது. சாலைவிதி ஓட்டுநரின் மொழியைக் கணக்கில் கொண்டது. அதே சரக்கைக் கொள்கலனில் அடுக்கிக் கட்டுபவரின் மொழிக்கும் அந்த இடம் வேண்டும்.

முடிவுரை

1894இல் கப்பல் தலைவருக்கு எழுதிய அறிவிப்பாகத் தொடங்கிய கடமை, இன்று கடலையே காணாத தொழிலாளியின் கைவினையாக மாறியுள்ளது. விதி கட்டாயமானது வரலாற்றின் ஒரு பாதி. அது செயற்படும் இடத்தின் மொழியில் சென்றடைவது மறுபாதி. கலைச்சொல்லாக்கத்தில் நீண்ட மரபுடைய தமிழ் ஆய்வுலகம், வகுப்புப் பெயர்கள், பிரித்து அடுக்கும் அட்டவணை, ஏற்றுச் சான்று ஆகியவற்றுக்கு ஏற்றுகூடத்தில் பயன்படும் எளிய தமிழ்க் கையேடு அமைப்பதைத் தன் பணியாக ஏற்கலாம். தெலுங்கு, கன்னட அறிஞரும் இணைந்தால் இவ்வெல்லைப் பகுதிக்கு அது முழுப் பயன் தரும்.