உரைகல்லில் இட்ட செய்தி

1939 செப்டம்பரில் போர் மூண்டதும், அயல்நாட்டு வானொலியைக் கேட்பதைக் குற்றமாக்கியது ஹிட்லரின் அரசு. ஹாம்பர்க் நகர இளைஞர் ஹெல்முத் ஹூபெனர் 1941இல் லண்டனின் ஜெர்மன் ஒலிபரப்பை மறைவாகக் கேட்டார். அரசின் போர்ச்செய்திகளோடு அதனை ஒப்பிட்டார். கண்ட பொய்களைத் துண்டறிக்கைகளாகத் தட்டச்சு செய்து நண்பர்களுடன் பரப்பினார். 1942 பிப்ரவரியில் கைதானவர் பழியைத் தம்மீதே ஏற்றுக்கொண்டார். நண்பர்கள் சிறைத்தண்டனையோடு உயிர் தப்பினர். அக்டோபர் 27 அன்று பெர்லின் ப்ளோட்சென்ஸே சிறையில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 17.

கூன்டர் கிராஸ் 1969இல் வெளியிட்ட நாவலில், போரை எதிர்க்கத் துடிக்கும் மாணவனுக்கு ஆசிரியர் ஒருவர் ஹூபெனரை எடுத்துக்காட்டுகிறார். சூசன் கேம்ப்பெல் பார்டலெட்டியின் 2008ஆம் ஆண்டு நாவலோ அவரது இறுதி நாளின் நினைவோட்டமாக விரிகிறது.

அந்த நாளில் அவர் நெஞ்சில் ஓடியவை அனைத்தையும் ஆவணங்கள் சொல்லிவிடா. அவ்விடத்தில் புனைவுக்கு உரிமையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் எத்தகையவர் என வினவும் மரபில் வந்தவர்கள் நாம். கற்பனை மௌனத்தை நிரப்பலாம், சாட்சியத்தைத் திருத்தலாகாது. மெய்ச்செய்தியையும் பொய்ச்செய்தியையும் பிரித்துக் காட்டியதற்காகவே உயிர் துறந்தவரின் கதையில், அவ்விரண்டையும் கலப்பது அவருக்கே இழைக்கும் அநீதியன்றோ?