இரு கரைத் தோட்டங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பூகோள சாஸ்திரம் கற்ற ஓர் ஐரோப்பியரிடம் தூரதேசத்து ஊர் ஒன்றின் சீதோஷ்ணம் எப்படி இருக்கும் என்று வினவினால், அவர் முதலில் அந்த ஊர் எந்த அட்சரேகையில் கிடக்கிறது என்றுதான் பார்த்திருப்பார். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க உஷ்ணம், துருவத்தை நெருங்க நெருங்கச் சீதளம் என்பது கிரேக்கர் காலம் முதல் வழங்கிவந்த சித்தாந்தம். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் முதல் பனிக்காலத்திலேயே அந்தச் சித்தாந்தம் பொய்யாவதைக் கண்டு நடுங்கினார்கள். ஆனால் எந்தச் செடி அட்லாண்டிக்கின் எந்தக் கரையில் பிழைக்கும், எது பட்டுப்போகும், எது உயிரோடிருந்தும் பூக்காமல் நிற்கும் என்ற நுட்பங்களையெல்லாம் வருஷக்கணக்கில் எழுதிவைத்தவர்களில் முதன்மையானவர்களாக நான் மதிப்பது, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த இரண்டு தோட்டப் பிரியர்களைத்தான்.

ஒருவர் பீட்டர் காலின்ஸன். லண்டனில் துணி வர்த்தகம் செய்துகொண்டு, கடைவேலை ஓய்ந்த பொழுதையெல்லாம் முதலில் பெக்கம் கிராமத்திலும், 1749-க்குப் பின் மில் ஹில்லிலும் தம் வீட்டுத் தோட்டத்திலேயே கழித்தவர். மற்றவர் ஜான் பார்ட்ரம். பிலடெல்பியாவை அடுத்த ஸ்கூல்கில் நதிக்கரையில் 1728-இல் நிலம் வாங்கி உழுது வாழ்ந்த குடியானவர். பள்ளிப் படிப்பு சொற்பம், தாவரங்களின்மேல் கொண்ட ஆர்வமோ அபாரம். இருவரும் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சமூகத்தில் பிறந்தவர்கள். 1730-களின் முற்பகுதியில் தொடங்கிய அவர்களுடைய கடிதப் போக்குவரத்து, 1768-இல் காலின்ஸன் மறையும்வரை நீடித்தது.

பார்ட்ரம் இலையுதிர் காலத்தில், அறுவடை முடிந்த பின், காடு காடாக அலைந்து விதை சேகரிப்பார். அவை பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறும். பெட்டி ஒன்றுக்கு ஐந்து கினி விலை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு வகை விதைகள். காலின்ஸன் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டதோடு, பீட்டர் (Petre) பிரபு போன்ற செல்வர்களையும் இதற்குச் சந்தாதாரர்களாகச் சேர்த்துக் கொடுத்தார். எலி தின்றது போக, உப்புநீர் நனைத்தது போக, யுத்த காலங்களில் பிரெஞ்சுக் கப்பல்கள் பறித்தது போக எஞ்சியவைதான் லண்டனை எட்டின. காட்டு வழியில் அகப்படும் செடியை வாடாமல் வீடு கொண்டுசேர்ப்பதற்குக் காலின்ஸன் பார்ட்ரமுக்குச் சொன்ன உபாயம் ஒன்று உண்டு: மாட்டின் மூத்திரப்பையில் சிறிது மண்ணும் நீரும் இட்டு, அதில் வேரை வைத்துக் கட்டிச் சேணத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். செடியின் உயிரிடத்தில் எவ்வளவு பரிவு இருந்தால் ஒரு துணி வியாபாரிக்கு இந்த யோசனை தோன்றியிருக்கும்!

லண்டன் வடக்கே ஐம்பத்தொன்றரைப் பாகையில் இருக்கிறது. பிலடெல்பியா நாற்பதாம் பாகையில். ஏட்டுக் கணக்குப்படி பார்ட்ரமின் ஊர் இத்தாலியின் தென்பகுதியைப் போல இதமாக இருந்திருக்க வேண்டும். அங்கேயோ கடுங்குளிர் ஆண்டுகளில் டெலவேர் நதி உறைந்து கப்பல் போக்கே நின்றுவிடும்; கோடை வந்தால் புழுக்கம் தாளாது. இங்கிலாந்துக்கு மேல்காற்று அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலாக வருவதால், அங்கே குளிரும் மிதம், வெயிலும் மிதம். பிலடெல்பியாவுக்கு அதே மேல்காற்று கண்டத்தின் நிலப்பரப்பைக் கடந்து வருவதால், இரண்டும் உக்கிரம். ஆகவே அமெரிக்க விருட்சங்கள் லண்டன் குளிருக்கு அஞ்சவில்லை. பலவற்றுக்குக் குறைவாக இருந்தது கோடையின் வெம்மைதான். போதிய வெயிலில்லாமல் இளங்கொம்பு முற்றாது. முற்றாத கொம்பில் பூ தாமதப்படும், பனியும் எளிதில் தீண்டும். வெப்பநிலை ஒத்த ஊர்களைக் கோட்டால் இணைத்து, அந்தக் கோடுகள் அட்சரேகைகளோடு ஒட்டிப் போகாமல் வளைந்து செல்வதை அலெக்ஸாண்டர் ஹம்போல்ட் படமாக வரைந்து காட்டியது 1817-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, அதே பேதத்தைத் தோட்டக்காரர்கள் செடிகளின் வாழ்விலும் சாவிலும் படித்திருந்தார்கள் என்பதைச் சரித்திரம் எழுதுவோர் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சீதோஷ்ணத்தை ஒப்பிடும் இந்தப் பழக்கம் வேறோர் அற்புதமான பலனையும் தந்தது. சீனத்தில் இருந்த ஜார்ட்டூ என்ற ஜெஸூயிட் பாதிரியார், அங்கே பெரும் விலைபோன ஜின்ஸெங் என்ற மூலிகை வேறெங்கேனும் வளருமானால் அது மலையிலும் வனத்திலும் அந்நாட்டை ஒத்த கனடாவாகவே இருக்கக்கூடும் என்று 1711-இல் எழுதினார். அதைப் படித்த லாஃபிட்டோ பாதிரியார், 1716-இல் மான்ட்ரியால் அருகே அதன் இனச் செடியையே கண்டெடுத்தார். 1738-இல் பார்ட்ரமும் ஸஸ்கெஹானா நதிப்பக்கம் அதைக் கண்டு காலின்ஸனுக்கு அறிவித்தார்.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக இருக்கவில்லை. லண்டனிலிருந்து போன குதிரைக் கஷ்கொட்டை விதை பார்ட்ரமின் நிலத்தில் மரமாகி, 1760-களில் பூத்த சேதி காலின்ஸனுக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. அவருடைய முயற்சியால் 1765-இல் பார்ட்ரம், ஆண்டுக்கு ஐம்பது பவுன் சம்பளத்தில், அரசரின் தாவரவியலாராக நியமனம் பெற்றார். அறுபத்தாறு வயதில் அவர் மகன் வில்லியத்தோடு தெற்கே பிரயாணம் செய்து, ஜார்ஜியாவில் ஆல்டமாஹா நதிக்கரையில் முன்பின் அறியாத ஒரு சிறுமரத்தைக் கண்டார். 1770-களில் மீண்டும் அங்கே சென்ற வில்லியம் அதன் விதையைக் கொணர்ந்து தந்தையின் தோட்டத்தில் வளர்த்தார். பெஞ்சமின் பிராங்க்ளினின் பெயரால் அது பிராங்க்ளினியா எனப்பட்டது. பிறந்த இடத்தைவிட ஏறக்குறைய எட்டுப் பாகை வடக்கே, அதனினும் குளிர்ந்த மண்ணில், அது தழைத்து வெண்மலர் பூத்தது. காட்டிலோ 1803-க்குப் பின் எவரும் அதைக் கண்டதில்லை. இன்று உலகில் உள்ள பிராங்க்ளினியா மரங்கள் எல்லாம் பார்ட்ரம் வீட்டுத் தோட்டத்தில் முளைத்த அந்தச் செடிகளின் சந்ததியே.